முன்னோருக்கு ஒரு தேதி

மகாராஷ்டிராவில் சாதிச் சான்றிதழ் வாங்கவும், வாங்கியதைச் சரிபார்ப்புக் குழுவின் முன் நிலைநிறுத்தவும் அலைகிறவர்களுக்கு 'வன்ஷாவள்' என்ற மராத்திச் சொல் நன்றாகப் பழகியிருக்கும். நாம் வம்சாவளி என்கிறோமே, அதுதான். விண்ணப்பதாரர், அவருக்கு மேலே அப்பா, அதற்கு மேலே தாத்தா, பூட்டன் என்று தந்தைவழியில் கிளைபிரித்து வரைந்து, எழுதியதெல்லாம் உண்மை என்று பிரமாணம் செய்து கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அந்த மரம் எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதைக் குடும்பத்தின் ஞாபகம் தீர்மானிப்பதில்லை. ஒரு தேதி தீர்மானிக்கிறது. பட்டியல் சாதியினருக்கு 1950 ஆகஸ்ட் 10, பழங்குடியினருக்கு 1950 செப்டம்பர் 6, விமுக்த சாதியினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும் 1961 நவம்பர் 21, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. அந்த நாளில் இன்றைய மகாராஷ்டிர எல்லைக்குள் நிரந்தரமாகக் குடியிருந்த ஒருவரைத் தாளோடு காட்ட முடிந்தால் விண்ணப்பதாரருக்கு முன்னோர் உண்டு. முடியாவிட்டால், மும்பையின் தாராவியிலேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளையானாலும், மாநிலத்தின் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு முன்னோர் இல்லை.

பார்வைக்கு இது இரத்த உறவைத் தேடும் வேலை. ஆனால் தேடப்படுபவர் பெற்றவர் என்பதற்காகத் தேடப்படவில்லை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மண்ணில் இருந்தவர் என்பதற்காகத் தேடப்படுகிறார். முன்னோர் என்றால் குலத்தைத் தந்தவர் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். மகாராஷ்டிர அதிகாரிகள் கண்டுபிடித்த குதர்க்கம் என்றுகூடத் தோன்றும். அப்படியில்லை. நம் நீதிமன்றங்களும் அரசாணைகளும் கையாளும் 'ஆன்செஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாற்றிலேயே இந்தப் பொருள் இருக்கிறது. அந்த வரலாற்றையும் மும்பைத் தமிழரின் நிலையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: முன்னோர் என்பவர் இயற்கை தந்த உறவாக மட்டும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உரிமையை யாருக்குத் தருவது என்று முடிவுசெய்யும் ஓர் அரசு, அந்த முடிவுக்கு வசதியாக அவரை வரையறுத்துக்கொள்கிறது. வரையறை அரசின் செயல் என்றால் அதைக் கேள்வி கேட்கலாம், திருத்தவும் செய்யலாம்.

'ஆன்செஸ்டர்' ஆங்கிலத்துக்குள் வந்தது 1300ஆம் ஆண்டையொட்டி, பழைய பிரெஞ்சு வழியாக. அதன் வேர் இலத்தீனின் 'அன்டெசெஸ்ஸோர்'. 'அன்டெ' என்றால் முன். 'செடெரே' என்றால் செல்லுதல். முன்னே சென்றவர் என்பதே சொல்லின் உடல். அதில் பிறப்புக்கும் இரத்தத்துக்கும் இடமே இல்லை. சேனைக்கு முன்னே வழி பார்த்துச் செல்லும் வீரர்களையும் உரோமானியர் இப்படி அழைத்தார்கள். ஆறாம் நூற்றாண்டில், ஜஸ்டினியன் பேரரசனின் காலத்தில், சட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இதுவே பட்டப்பெயர். 533இல் சட்டப் படிப்பைச் சீரமைத்து அவன் விடுத்த ஆணை எட்டு 'அன்டெசெஸ்ஸோர்'களை விளித்தே எழுதப்பட்டது. தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. நம் இலக்கண உரைகாரர்கள் 'முன்னோர்' என்று எழுதும்போது தங்கள் பாட்டனைச் சொல்வதில்லை; தமக்கு முன் நூல் செய்த ஆசிரியர்களைச் சொல்கிறார்கள். முன் என்ற இடப்பொருளும் காலப்பொருளும் கலந்த சொல் இரண்டு மொழியிலும் இரத்த உறவுக்கு வெளியே தாராளமாகப் புழங்கியிருக்கிறது.

இச்சொல் ஆட்சியின் ஆவணத்துக்குள் நுழைந்த இடம்தான் நம் வாதத்துக்கு முக்கியம். 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். ஆங்கிலோ-சாக்சன் பிரபுக்களின் நிலங்கள் அவன் படைத்தலைவர்களின் கைக்குப் போயின. இருபது ஆண்டுகளில் எது யாருடையது என்பதில் பெரும் குழப்பம். 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் வில்லியம் ஆணையிட, 1086இல் நாடு முழுதும் கணக்கெடுப்பு நடந்தது. அதுவே டூம்ஸ்டே ஏடு. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்க் கேட்ட கேள்விகளில் ஒன்று, வெற்றிக்கு முன் ஆண்ட எட்வர்டு மன்னன் உயிரோடிருந்து மறைந்த நாளில் இந்த நிலம் யார் கையில் இருந்தது என்பது. அந்த நாள் 1066 ஜனவரி 5. அன்று நிலத்தை வைத்திருந்த ஆங்கிலேயனே இன்று வைத்திருக்கும் நார்மனுக்கு 'அன்டெசெஸ்ஸோர்' என்று ஏடு பதிவுசெய்கிறது. ஜெஃப்ரி டி மாண்டெவில் என்ற நார்மன் பிரபுவுக்கு, எட்வர்டின் அரண்மனை அதிகாரியாக இருந்த எஸ்கர் இப்படி முன்னோர் ஆனார். இருவருக்கும் இரத்த உறவில்லை. மொழி உறவும் இல்லை. ஒருவரின் நிலம் மற்றவரிடம் போனது, அவ்வளவே. ஜெஃப்ரி தன் உரிமையை நிலைநாட்ட வேண்டுமானால் எஸ்கர் அந்த நாளில் அங்கே இருந்தார் என்று காட்டியாக வேண்டும். எஸ்கருடையதாக இல்லாத நிலத்தை அவர் பேரால் கேட்க முடியாது. ஒரு தேதி, ஒரு மண், அந்தத் தேதியில் அந்த மண்ணில் இருந்த ஒருவர், அவர் மூலமாக இன்றைய உரிமை. மகாராஷ்டிரச் சான்றிதழ் விதியின் எலும்புக்கூடு இதுவேதான்.

பிற்காலத்து ஆங்கிலப் பொதுச் சட்டம் இரத்தத்தை உள்ளே கொண்டுவந்தது. ஆனால் அதைச் சொத்துக்குக் கீழ்ப்படுத்தியே வைத்தது. சட்ட நூல்களில் 'ஆன்செஸ்டர்' என்பது வாரிசு என்பதன் மறுபக்கம். யாரிடமிருந்து நிலம் வாரிசு முறையில் இறங்குகிறதோ அவரே ஆன்செஸ்டர். பிள்ளையில்லாமல் இறந்த தம்பியின் நிலம் அண்ணனுக்கு வந்தால், சட்டத்தின் பார்வையில் தம்பி அண்ணனுக்கு முன்னோர். இந்தச் சொல்லைக் கையோடு கொண்டுவந்த கம்பெனி நீதிபதிகள் இந்து வாரிசுரிமையின் மிதாட்சர முறையை அதற்குள் அடக்கினார்கள். அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா ஆகிய மூவரிடமிருந்து வந்தால் அது 'ஆன்செஸ்ட்ரல்' சொத்து என்று தீர்ப்புகள் நிலைபெற்றன. நம் ஊர்ப் பத்திரங்களில் அது 'பூர்வீகச் சொத்து' ஆயிற்று. தாய்வழியில் வந்தது அந்தப் பெயருக்குள் அடங்காது. மூன்று தலைமுறை, ஆண்வழி மட்டும் என்ற இந்த அளவு இந்து மரபிலும் இருந்ததுதான்; தர்ப்பணத்தில் பெயர் சொல்லி அழைக்கப்படுவோரில் தந்தைவழியில் முதலாக நிற்பவர் இந்த மூவர். மரபில் நீர் வார்ப்பதற்கும் பிண்டம் வைப்பதற்குமான அந்த வரிசை, நீதிமன்றத்தில் சொத்துப் பிரிப்பதற்கான அளவுகோலாக இறுகியது. இன்றைய மகாராஷ்டிர விதிகளும் உறவினர் என்பதற்குத் தந்தைவழி இரத்த உறவு என்றே பொருள் கொள்கின்றன.

தமிழரின் பேச்சில் முன்னோர் என்ற கருத்து வேறு பாதையில் போகிறது. மும்பையில் ஒரு தமிழரை இன்னொரு தமிழர் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'உங்க பூர்வீகம் எது?' என்பது. பதில் ஆளின் பெயராக வராது. ஊரின் பெயராக வரும். தாராவியில் அது பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமமாக இருக்கும். மூன்று தலைமுறையாகப் பம்பாயில் வாழும் குடும்பத்துக்கும் 'ஊருக்குப் போறோம்' என்றால் நெல்லைக்குப் போவதுதான். திருநெல்வேலி வட்டாரத்தில் பங்குனி உத்திரத்தன்று அவரவர் குடும்பத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிடுவது வழக்கம். எந்தச் சாஸ்தா என்று சொன்னால் எந்த வகையறா என்று தெரிந்துவிடும். பெயர் மறந்துபோன பூட்டனும் ஓட்டனும் அந்தக் கோயிலுக்குள் அடங்கியிருக்கிறார்கள். இந்த முறையில் முன்னோருக்குத் தேதி கிடையாது. பெயரும் கட்டாயமில்லை. போய் நிற்க ஓர் இடம் இருந்தால் போதும். பிழைக்கப் போன இடத்தில் எத்தனை காலம் இருந்தாலும் பூர்வீகம் மாறாது என்ற இந்தப் பேச்சுவழக்கு உணர்வுபூர்வமானது, அழகானது. மும்பையில் அதுவே இடைஞ்சலாகவும் ஆகிறது. ஊர் என்று நெல்லையைச் சொல்பவரை, 'அப்படியானால் உங்கள் முன்னோர் அங்கேதான்' என்று சட்டம் எளிதாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

தமிழர் தாராவிக்கு வந்தது 1950க்குப் பிறகு என்று யாரும் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் நகரத்தின் அன்றைய விளிம்பான இங்கே திரண்டபோதே, நெல்லைச் சீமையிலிருந்து அந்தத் தொழிலில் கைதேர்ந்த முஸ்லிம்களும், தோல் வேலைக்கும் கூலி வேலைக்குமாக ஆதிதிராவிடரும் நாடாரும் பிறரும் வரத் தொடங்கினார்கள். தாராவியின் பெரிய மசூதி 1887ஐச் சேர்ந்தது. தாராவியின் பழைய கோயிலாகச் சொல்லப்படும் விநாயகர் கோயில் 1913இல் எழுந்தது. அது ஆதிதிராவிட மகாஜன சங்கத்தோடு பிணைந்தது. கோயில் கட்டும் அளவுக்கு ஒரு சமூகம் அந்த ஆண்டிலேயே அங்கே ஊன்றியிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. ஆனால் கோயில் ஒரு சமூகம் இருந்ததற்குத்தான் சாட்சி. இன்னாரின் தாத்தா இருந்ததற்குச் சாட்சியாகாது. சரிபார்ப்புக் குழு கேட்பது தனி ஆளின் தாள்: பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, வருவாய்த் துறைப் பதிவு, பணிப் பதிவேடு. இவற்றில் அதிக மதிப்புள்ளது அப்பாவோ தாத்தாவோ படித்த பள்ளியின் 'லீவிங் சர்டிபிகேட்'.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. தோல் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் 1940களில் எப்படி வாழ்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பள்ளிப் பதிவேடு இருக்காது. வாடகைக்கும் குறைந்த ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்தவருக்கு வீட்டுப் பத்திரம் இருக்காது. மனைவி ஊரில் இருந்திருப்பாள். பிள்ளைப்பேறு தாய்வீட்டில் நடந்திருக்கும். எனவே பிறப்பு, பதிவானதாக இருந்தால், நெல்லையில் பதிவாகியிருக்கும். உடம்பு தளர்ந்ததும் அவர் ஊருக்குத் திரும்பியிருப்பார், இறப்பும் அங்கேயே. முப்பது ஆண்டு உழைப்பைப் பம்பாய்க்குக் கொடுத்துவிட்டு, தன் இருப்புக்கான தாள்களையெல்லாம் நெல்லையில் விட்டுச்சென்ற மனிதர் அவர். வந்துபோகும் உழைப்பு என்ற முறை பம்பாய்க்கு மிகவும் லாபமானது: குடும்பத்தைப் பராமரிக்கும் செலவு கிராமத்தின் தலையில், உழைப்பு மட்டும் நகரத்துக்கு. அந்த லாபத்தின் மறுபக்கம்தான், பேரப்பிள்ளை தாத்தாவைத் தேடும்போது நகரத்தின் ஏடுகளில் அவரைக் காண முடியாமல் போவது.

தாராவியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் மாட்டுங்கா இதற்கு நேர்மாறான சான்று. இரயில்வே, வங்கி, வணிக நிறுவனங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழ்ப் பிராமணர்களும் பாலக்காட்டுக்காரர்களும் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிப் பள்ளி வைத்தார்கள். குடும்பத்தோடு வந்தார்கள், மாதச் சம்பளம் வாங்கினார்கள், பணிப் பதிவேடு, ஓய்வூதியத் தாள், வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு என்று எல்லாமே நகரத்தில் சேர்ந்தன. 1950இல் தங்கள் தாத்தா பம்பாயில் இருந்தார் என்று அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தே காட்டிவிட முடியும். அவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. தேவைப்படுபவர்களிடம் தாள் இல்லை. இந்த முரண் தற்செயலானது அல்ல. எந்தக் கொடுமைக்கு ஈடுசெய்யப் பட்டியல் சாதி என்ற ஏற்பாடு வந்ததோ, அதே கொடுமைதான் அந்த மக்களைப் பள்ளிக்கும் பத்திரத்துக்கும் வெளியே நிறுத்தியிருந்தது. பள்ளிப் பதிவேட்டைச் சான்றாகக் கேட்பது, பள்ளிக்குள் விடப்படாதவரின் பேரனிடம், விடப்பட்டதற்கு ரசீது கேட்பதாக முடிகிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது? அரசியலமைப்பின் 341ஆம் பிரிவு, பட்டியல் சாதிகளைக் குடியரசுத் தலைவர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே அறிவிப்பார் என்கிறது. அப்படி அறிவிக்கப்பட்ட சாதி 'அந்த மாநிலத்தைப் பொறுத்து' மட்டுமே பட்டியல் சாதி. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த ஆணை, குறிப்பிட்ட பகுதிகளில் குடியிருப்போர் என்று சொல்கிறது. முன்னோர் என்ற சொல் இந்த இரண்டிலும் இல்லை. அந்தக் கருத்தை உள்ளே கொண்டுவந்தது 1977 மார்ச் 22 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய ஒரு கடிதம். குடியிருப்பு என்றால் அறிவிக்கை வந்த நாளின் நிரந்தரக் குடியிருப்பு என்று அது விளக்கியது. அந்த நாளில் பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ வெளியூரில் இருந்தவர் சொந்த மாநிலத்துக்காரராகவே கொள்ளப்படுவார். தங்கியிருந்த மாநிலத்தில் அவருக்கு உரிமை வராது. அறிவிக்கைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, அந்த நாளில் அவர்களின் பெற்றோருக்கு எது நிரந்தர இருப்பிடமோ அதுவே இவர்களுக்கும் இடம். தோல் கிடங்குத் தொழிலாளி முப்பது ஆண்டு தாராவியில் உழைத்திருந்தாலும் 'பிழைக்க வந்தவர்' என்ற ஒரே விளக்கத்தில் நெல்லைக்காரராகிவிடுவது இப்படித்தான். பெற்றோர் என்று 1977இல் எழுதியது, காலம் போகப் போகத் தாத்தாவாகவும் பூட்டனாகவும் நீள்கிறது. தேதி நகராமல் நிற்க, தலைமுறைகள் நகர்வதால், முன்னோரின் தூரம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறது.

நீதிமன்றம் இதை உறுதிசெய்த முதல் பெரிய வழக்கு மும்பையிலேயே பிறந்தது. செம்பூர்ப் பக்கத்தில் ஆலை வைத்திருக்கும் மத்திய அரசின் உர நிறுவனமான ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸில், ஆந்திராவின் தெனாலியிலிருந்து வந்த ஒருவர் பணியாற்றினார். உர நிறுவனப் பணியில் அவர் சேர்ந்ததே பழங்குடியினர் ஒதுக்கீட்டில். ஒன்பது வயதில் தந்தையோடு பம்பாய் வந்து அங்கேயே படித்த அவர் மகன், சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் இடம் கேட்டார். மகாராஷ்டிராவின் பழங்குடியினர் அல்ல என்று கல்லூரி மறுத்தது. 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கல்லூரியின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இரக்கமற்றதல்ல. கட்டாயத்தால் இடம்பெயர்வோருக்கு, அரசுப் பணியாளரின் பிள்ளைகள் உட்பட, நாடாளுமன்றம் வழி காண்பது குறித்து யோசிக்கலாம் என்று சொல்லியே முடித்தது. மகாராஷ்டிராவில் சாதிச் சான்றுக்காகப் போராடிய நடவடிக்கைக் குழு 1994இல் மீண்டும் வழக்காடியது, விடை மாறவில்லை. 2018இல் இன்னொரு ஐவர் அமர்வு மாநிலங்களுக்கு அதே விதியை நிலைநிறுத்தி, தில்லியின் பணிகளுக்கு மட்டும் நாடு முழுதும் உள்ள பட்டியல் சாதியினருக்கு இடமளித்தது.

இந்தத் தீர்ப்புகளின் அடிப்படை வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. தீண்டாமை எல்லா மாநிலத்திலும் ஒரே வடிவில் இல்லை; ஒரே பெயருள்ள சாதி ஓரிடத்தில் மிகப் பின்தங்கியும் வேறிடத்தில் ஓரளவு முன்னேறியும் இருக்கலாம். ஒதுக்கீட்டைச் சுமந்துகொண்டு யாரும் எங்கும் போகலாம் என்றானால், இட எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட நிலையில், உள்ளூர் மகர், மாங் மாணவர்களின் பங்கு குறையும். இது உண்மையான கவலை. மும்பைத் தமிழ்த் தலித் ஒருவரின் நியாயம் மராத்தியத் தலித் ஒருவரின் இழப்பில் கட்டப்படக் கூடாது. ஆனால் இந்த வாதம் எதை நியாயப்படுத்துகிறது என்று கவனிக்க வேண்டும். சலுகைக்காக வந்து சேர்பவரைத் தடுக்க, வசிப்புக் காலத்தைச் சோதிப்பது போதும். மகாராஷ்டிரா வசிப்பிடச் சான்றுக்குப் பொதுவாகப் பதினைந்து ஆண்டு வசிப்பைக் கேட்கிறதே, அதுபோல. தாராவியில் பிறந்த பிள்ளை சலுகை தேடி எங்கிருந்தும் வரவில்லை. இடத்துக்கு இடம் தீண்டாமை மாறுபடுகிறது என்பதை ஏற்றால், அந்தப் பிள்ளை அனுபவிப்பது மும்பையின் தீண்டாமையைத்தான், நெல்லையின் தீண்டாமையை அல்ல. இடத்தை முன்வைத்துத் தொடங்கும் வாதம், பிள்ளை வாழும் இடத்தை விட்டுவிட்டுப் பூட்டன் வாழ்ந்த இடத்தில் போய் முடிவது அதன் உள்முரண்.

இரண்டாவது மறுப்பு: பிள்ளை உரிமையை இழக்கவில்லையே, தமிழ்நாட்டில் பெறலாமே, மத்திய அரசுப் பணியிலும் பெறலாமே என்பது. மத்தியப் பணியைப் பொறுத்தவரை இது சரி. தந்தையின் பூர்வ மாநிலச் சான்றைக் காட்டினால் இங்கேயே சான்று தர 1980களிலேயே ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் மாநிலக் கல்லூரி இடமும் மாநில வேலையும் உள்ளாட்சித் தேர்தலின் ஒதுக்கீட்டுத் தொகுதியும் வாழும் இடத்தில்தான் பயன்படும். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படித்து மும்பையில் வளர்ந்த ஒருவரிடம், தமிழ்நாட்டில் உனக்கு உரிமை உண்டு என்பது, தமிழ்ப் பாடமே படிக்காதவர் அங்கே போய்ப் போட்டியிடலாம் என்பதற்குச் சமம். மூன்றாவது மறுப்பு ஆவணம் பற்றியது. பொய்ச் சான்றிதழ்கள் மகாராஷ்டிராவில் கற்பனையல்ல; மகாதேவ் கோலி பழங்குடியினர் என்று பொய்யாகச் சொல்லி மருத்துவ இடம் பெற்ற வழக்கில்தான் 1994இல் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை வகுத்தது; 2001இல் மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சரிபார்ப்பு தேவை. ஆனால் பொய்யைத் தடுப்பது சாதியைச் சரிபார்க்கும் வேலை. 1950இல் எங்கே இருந்தார் என்பது அதற்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. ஒருவரின் சாதி உண்மை என்று நெல்லை வட்டாட்சியர் சான்றளித்த பிறகும் மும்பையில் கதவு அடைபடுகிறது என்றால், அங்கே சோதிக்கப்படுவது சாதியல்ல, தேதி.

தேதி புனிதமானது, கைவைக்க முடியாதது என்பதற்கும் அதே மாநிலம் நல்ல மறுமொழி வைத்திருக்கிறது. தாராவி உட்பட மும்பைக் குடிசைகளை 1976இல் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் இருந்தவருக்குப் பாதுகாப்பு. பிறகு அந்த எல்லை 1985க்கு வந்தது. பிறகு 1995 ஜனவரி 1. பிறகு 2000 ஜனவரி 1. அதற்கும் பிறகு, விலை கொடுத்துப் பெறும் வீட்டுக்கு 2011 ஜனவரி 1. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திலும் இந்தத் தேதிகள்தான் யாருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு, யாருக்கு வெளியே என்று பிரிக்கின்றன. இதில் இன்னொன்றையும் பார்க்கலாம். குடிசையை விலைக்கு வாங்கியவர், தனக்கு முன் அங்கே குடியிருந்தவரின் பழைய வாக்காளர் பட்டியல் நகலையும் மின்கட்டண ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்வார். அந்த முந்தைய குடித்தனக்காரர் இவருக்கு உறவல்ல. பெரும்பாலும் வேறு சாதி, சில சமயம் வேறு மொழி. ஆனால் தேதிக்கு முன் அங்கே இருந்தவர் அவர். அவருடைய தாளைப் பிடித்துத்தான் இவர் வீடு பெற முடியும். 1086இன் 'அன்டெசெஸ்ஸோர்' அதே பொருளில் தாராவிச் சந்தில் நடமாடுகிறார்.

குடிசைக்கு நான்கு முறை நகர்ந்த தேதி சான்றிதழுக்கு ஏன் நகரவில்லை? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லும் பதில், குடிசைத் தேதி மாநிலத்தின் கையில் இருக்கிறது, 1950 அரசியலமைப்போடு சேர்ந்தது, நாடாளுமன்றம்தான் தொட முடியும் என்பது. பதில் சரியானது, ஆனால் அது யார் மாற்றலாம் என்பதைச் சொல்கிறதே தவிர, ஏன் மாற்றவில்லை என்பதைச் சொல்லவில்லை. குடிசைத் தேதி நகர்ந்ததன் பின்னால் இலட்சக்கணக்கான வாக்குகள் இருந்தன. எல்லா மொழிக்காரரும் எல்லாச் சாதிக்காரரும் அதில் இருந்தார்கள். சான்றிதழ் கேட்கும் இடம்பெயர்ந்த தலித்துகள் எந்த மாநிலத்திலும் தேர்தலைப் புரட்டும் எண்ணிக்கையில் இல்லை. அரசியல் நிர்ணய சபையில், பழங்குடிப் பகுதியை விட்டு வெளியேறும் பழங்குடியினர் சலுகையைக் கூடக் கொண்டுபோகலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அம்பேத்கர் அது விடையளிக்கக் கடினமான கேள்வி என்றே ஒப்புக்கொண்டார். அன்றைய வரைவின்படி கொண்டுபோக முடியாது என்றும், உரிய இடத்தில் எழுப்பப்பட்டால் ஒரு பிரிவின் வடிவில் விடை தேடலாம் என்றும் சொன்னார். தீர்ப்புகள் அவர் சொன்னதின் 'முடியாது' பகுதியைச் சட்டமாக்கின. 'தேடலாம்' பகுதி இன்னும் நாடாளுமன்றத்தின் மேசையில்தான் இருக்கிறது.

சொல்லின் வேர் இன்றைய சட்டத்தைத் தீர்மானிக்க முடியாது என்று ஒருவர் சொல்லலாம். தீர்மானிக்க வேண்டியதில்லை. வேர் நமக்குச் செய்யும் உதவி வேறு. முன்னோர் என்றதும் எழும் இரத்தம், குலம், புனிதம் ஆகிய உணர்வுகள், அரசு போட்ட ஒரு நிர்வாகக் கோட்டை இயற்கையின் கோடுபோலத் தோன்றச் செய்கின்றன. பூட்டன் 1950இல் எங்கே இருந்தார் என்பது யாராலும் மாற்ற முடியாத விதி என்று விண்ணப்பதாரரே நம்பிவிடுகிறார். ஆனால் முன்னோரைத் தேதியோடு கட்டியது வெற்றிபெற்ற ஓர் அரசன் தன் ஆட்களுக்கு நிலம் பிரித்த கணக்கு. இந்தியா அதே வழியைச் சமூக நீதியின் பெயரால், வேறு நோக்கத்தோடு எடுத்துக்கொண்டது. நோக்கம் மாறினாலும் கருவியின் சாய்வு மாறவில்லை. அது ஏற்கெனவே தாளில் இருந்தவருக்கு உதவும். தாளுக்கு வெளியே உழைத்தவரைக் காணாது. எனவே மாற்ற வேண்டியது எது என்பதும் தெளிவாகிறது. சாதியைப் பூர்வ மாநிலம் சான்றளிக்கட்டும். வாழும் மாநிலம், பெற்றோரில் ஒருவரின் நீண்டகால வசிப்பையும் பிள்ளையின் முழுப் பள்ளிப் படிப்பையும் மட்டும் கேட்கட்டும்; தாய்வழித் தாளையும் ஏற்கட்டும். உள்ளூர்ப் பட்டியல் சாதியினரின் பங்கு குறையாதபடி, இப்படி வருவோருக்கான இடங்களைக் கூடுதலாக ஒதுக்கி நாடாளுமன்றம் சட்டம் செய்யட்டும். தில்லிக்கு முடிந்த ஏற்பாடு மும்பைக்கு முடியாது என்பதற்கு இதுவரை யாரும் கொள்கைக் காரணம் காட்டவில்லை.